மெட்டு பிடுங்கியவள்

ஊசிமூக்குக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.
இருபது மெட்டுகள்
என் காப்பிக் கோப்பைக்குள்
பால்பற்கள் மாதிரி விழுந்தன.
மரத்தூளும் பசையும் குழைத்துப் பள்ளங்களை மூடி
விடியும்வரை தேய்த்தாள்.
மெட்டு போன பிறகுதான்
அந்தப் பேஸில் மெட்டே பிறந்தது.
அன்றைக்கு எனக்கு அது தெரியாது.
சமையலறையெல்லாம் தூசு என்று கத்தினேன்.

நான் பியானோக்காரன்.
எண்பத்தெட்டுக் கட்டைகளுக்குள் குடியிருப்பவன்.
ராட்டர்டாம் துறைமுகத்தின் மதுக்கடையில்
வியாழக்கிழமைதோறும் ஜாஸ்.
மக்வாலா எடுக்கும் மூன்றாம் சுரம்
என் மேஜருக்குக் கீழே, மைனருக்கு மேலே.
உள்ளேயும் வராது, தெருவுக்கும் போகாது,
நிலைப்படியிலேயே நிற்கும்
குடையை மடக்காமல்.

"சுருதி சேரலை" என்று முதல் வாரம் சொன்னேன்.
அடுத்த வாரம் சத்தமாகச் சொன்னேன்.
"குரியாவில் சேரும்" என்றாள்.
அவ்வளவுதான் பதில்.

குரியா, கருங்கடல் பக்கம்.
ஜார்ஜியாவில் ஓயாமல் மழை பெய்யும் மூலை.
அங்கே விருந்து மேசையில் மூன்று ஆண்கள், மூன்று வழி.
மேலே ஒருவன் சேவல்போல் உடைந்து உடைந்து கூவுவான்.
நடுவில் ஒருவன் சேதி சொல்வான்.
கீழே இருப்பவனின் குரலுக்குப் பானி என்று பெயர்.
அவன் மற்ற இருவரையும் சட்டை செய்யாமல்
தன் பாட்டுக்குத் தன் பாட்டில் நடப்பான்.

சோள ரொட்டித் தட்டோடு நின்ற ஒன்பது வயதுக்காரி
கீழ்க்குரலைக் கேட்டாள்.
கேட்டாள் என்றால் காதால் மட்டுமல்ல,
எனக்குக் கொடுங்கள் என்று வாயாலும்.
மேசை சிரித்தது.
"உன் தொண்டைக்கு அது இறங்காது."

இறங்கவில்லைதான்.
ஆகவே நாலு கம்பி வாங்கினாள்,
கடனில்.

டிரம்ஸ் ஹம்பர்ட் பினாஸ். பரமாரிபோவில் பிறந்தவன்,
ஃபங்க் தவிர வேறு மதம் இல்லாதவன்.
"முதல் அடி எனக்கு, மிச்சம் உனக்கு" என்று பங்கு பிரிப்பான்.
அவள் முதல் அடியைக் கட்டைவிரலால் அறைவாள்,
பிறகு மிச்சத்துக்குள் குரியாவை நடத்திப் போவாள்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

அப்புறம் கம்பெனி வந்தது.
பாப் வேண்டும். மூன்றரை நிமிடம்.
கோரஸ் முப்பதாவது நொடிக்குள்.
பாட இவானில்ட். கேப் வெர்டே குடும்பம், இந்த ஊர் வளர்ப்பு,
மைக்கைக் கடித்துவிடுவாள் போலப் பாடுவாள்.
பதின்மூன்று முறை பதிந்தோம்.
பதின்மூன்று முறையும் கோரஸில்
என் மூன்றாம் சுரமும் அவள் மூன்றாம் சுரமும்
பக்கத்து வீட்டுச் சண்டை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
பேஸைத்தான் பார்த்தார்.

பதினாலாவது முறை
ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை,
பசியாகவும் இருக்கலாம்,
கைகளை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.
நாலு ஆவர்த்தனம்.

இவானில்ட் ஒரு கணம் தடுமாறினாள்,
பிடிக்கக் கட்டை இல்லாத மாடிப்படியில்போல.
பிறகு அவள் குரல் சரிந்து சரிந்து
நிலைப்படிக்கு வந்து நின்றது.
இரண்டு பேர், ஒரே குடை.
ஹம்பர்ட் குச்சியைத் தவறவிடவில்லை;
வாயை மட்டும் திறந்தான்.

உறையில் என் பெயர்: பியானோ.
வாசிக்காத அந்த நாலு ஆவர்த்தனத்துக்கும் சேர்த்துத்தான்
பணம் வந்தது.

மார்ச்சில் ஒரு வியாழன்,
மேடையேறும் முன் அவள் போனை நீட்டினாள்.
அண்ணன் ஸௌரி.
ஓட்டும் மினிபஸ்ஸின் ரேடியோவில் கேட்டானாம்.
"கீழே பாடுறவன் யாரு? நம்ம ஊர்க்காரனா?"

பதில் எழுதவில்லை அவள்.
போனைப் பெட்டி ஸ்பீக்கர்மேல் கவிழ்த்து வைத்தாள்.
அவன் விடவில்லை. யாரு? யாரு?
ஒவ்வொரு கேள்விக்கும் பெட்டி அதிர்ந்தது,
என் கட்டைகளில் எதிலும் இல்லாத ஒரு சுரத்தில்.

தலையைச் சாய்த்தாள்.
தடுப்பில்லாத மரத்தில் விரலை நகர்த்தி,
இன்னும் கொஞ்சம் நகர்த்தி,
அதைப் பிடித்தாள்.
அங்கிருந்தே தொடங்கினோம்.